41,000 ஓடிய காரா, 1,12,000 ஓடிய காரா?

போன தீபாவளிக்குச் சில வாரங்கள் முன்பு சேலத்திலிருந்து என் மச்சினன் இரண்டு கார்களின் படங்களை அனுப்பினான். இரண்டும் பி.எம்.டபிள்யூ. 320டி. இரண்டும் 2018-இல் பதிவானவை, டீசல், முதல் ஓனர் கையில் இருப்பவை. சென்னை அண்ணா நகரில் நிற்கும் வெள்ளைக் கார் 41,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது. கேட்ட விலை 23.5 லட்சம். ஈரோட்டில் ஜவுளி வியாபாரம் செய்யும் ஒருவரின் நீலக் கார் 1,12,000 ஓடியிருந்தது, 17.75 லட்சம். "மாமா, லட்சம் தாண்டின வண்டியை எடுக்கலாமா? அப்பா வேண்டவே வேண்டாங்கறார்" என்று கேட்டான்.

நம் ஊரில் மைலேஜ் என்றால் லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும் என்றுதான் அர்த்தம். நான் இங்கே பேசுவது மீட்டரில் இருக்கும் எண்ணைப் பற்றி.

என் மாமனார் பயந்ததற்குக் காரணம் உண்டு. அவர் அம்பாசடர் ஓட்டிய தலைமுறை. அந்தக் காலத்தில் லட்சம் கிலோமீட்டர் என்றால் இன்ஜினை இறக்கி, போரிங் போட்டு, பிஸ்டன் ரிங் மாற்றும் நேரம். பல கார்களில் மீட்டரே 5 இலக்கம்தான். அதைத் தாண்டினால் திரும்பவும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அப்போது உண்மையாக இருந்த ஒரு கணக்கு, இன்ஜின் மாறி, ஆயில் மாறி, ரோடு மாறிய பிறகும் மனதில் அப்படியே நின்றுவிட்டது. இன்றைய 2 லிட்டர் ஜெர்மன் டீசல் இன்ஜின் ஒழுங்காக ஆயில் மாற்றினால் இரண்டரை, மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடுவது சாதாரணம். ஆனால் சந்தை இன்னும் அந்தப் பழைய பயத்துக்கே விலை போடுகிறது. வாங்குகிறவனுக்குச் சாதகமான இடம் அதுதான்.

முதலில் ஒரு சின்ன வகுத்தல். விலை வித்தியாசம் 5,75,000 ரூபாய். ஓட்டத்தில் வித்தியாசம் 71,000 கிலோமீட்டர். வகுத்தால் ஒரு கிலோமீட்டருக்கு 8 ரூபாய் 10 காசு. ஓடாத ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் சென்னைக்காரர் கேட்கும் விலை அது. டீசல் லிட்டர் 92 ரூபாய், வண்டி லிட்டருக்கு 15 கொடுக்கிறது என்று வைத்தால்கூட கிலோமீட்டருக்கு டீசல் செலவு 6 ரூபாய் சொச்சம்தான். அதாவது ஓட்டுவதற்கு ஆகும் எரிபொருளைவிட, ஓட்டாமல் வைத்திருந்ததற்கு அதிகமாகக் கேட்கிறார்கள். எந்த இரண்டு காரைப் பார்த்தாலும் இந்த ஒரு வகுத்தலைப் போட்டுவிடுங்கள். 3, 4 ரூபாய்க்குள் வந்தால் குறைவாக ஓடியதை எடுப்பதில் தப்பில்லை. 8 ரூபாய் என்றால் அந்தக் கார் நிறைய கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

அந்தப் பணத்தைக் கடனாக வாங்கினால் நிலைமை இன்னும் மோசம். 5.75 லட்சத்துக்கு 12 சதவீத வட்டியில் 5 வருடத் தவணை போட்டால் மாதம் சுமார் 12,800 ரூபாய். மொத்தம் ஏறக்குறைய 7.67 லட்சம் கட்டியிருப்பீர்கள்.

சரி, 41,000 கிலோமீட்டர் ஓடிய கார் நிஜமாகவே அவ்வளவு புதுசா? மீட்டர் தூரத்தைத்தான் சொல்லும், இன்ஜின் எத்தனை மணி நேரம் ஓடியது என்று சொல்லாது. வெள்ளைக் கார் அண்ணா நகர் வீட்டிலிருந்து நுங்கம்பாக்கம் ஆபீஸுக்குப் போய் வந்த வண்டி. 7 வருடக் கணக்கில் ஒரு நாளைக்கு 16 கிலோமீட்டர். சென்னைக்குள் சராசரி 15 கிலோமீட்டர் வேகம் என்று வைத்தால், 41,000-ஐக் கடக்க இன்ஜின் 2,700 மணி நேரத்துக்கு மேல் உழைத்திருக்கும். ஈரோட்டுக் கார் ஓடியதில் பெரும்பகுதி நான்கு வழிச்சாலை. சராசரி 60 என்று எடுத்தால் 1,12,000-க்கு 1,870 மணி நேரம்கூட வராது. அதிகம் ஓடிய வண்டியின் இன்ஜின் குறைந்த நேரம் உழைத்திருக்கிறது! இந்தக் கணக்கை மச்சினனுக்குச் சொன்னபோது அவன் நம்பவில்லை. இரண்டு கார்களிலும் டிரிப் கம்ப்யூட்டரில் சராசரி வேகம் காட்டும், நேரில் போகும்போது பார்த்துக்கொள் என்றேன். யாராவது இடையில் அதை ரீசெட் செய்திருந்தால் பழைய கணக்கு போய்விடும். இருந்தாலும் பார்ப்பதில் நஷ்டமில்லை.

நேரம் மட்டும் விஷயமல்ல. எட்டு கிலோமீட்டர் போய் நிறுத்திவிடும் டீசல் இன்ஜினில் ஆயில் சரியாகச் சூடேறுவதற்குள் வண்டியை அணைத்துவிடுவார்கள். ஆயிலில் சேரும் ஈரமும் எரியாத டீசலும் ஆவியாகி வெளியேறுவதில்லை. கரி படிகிறது. சிக்னலில் நின்று நகர்ந்து நின்று நகர்ந்து கியர்பாக்ஸும் பிரேக்கும் தேய்வது தனி. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த, பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிக்கு உட்பட்ட டீசல் என்றால் இது இன்னும் முக்கியம். அதில் புகைக் கரியைப் பிடித்து வைக்கும் டி.பி.எஃப். வடிகட்டி உண்டு. அது தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ள அவ்வப்போது கால் மணி, இருபது நிமிடம் நிறுத்தாமல் ஓட வேண்டும். ஊருக்குள்ளேயே சுற்றிய வண்டியில் அது பாதியில் நின்றுகொண்டே இருக்கும். கூடுதலாகப் பீய்ச்சிய டீசல் இன்ஜின் ஆயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்யும். 20,000 மட்டுமே ஓடிய பி.எஸ்.6 டீசலைப் பார்த்து ஆசைப்படும் முன் அது எந்தத் தெருவில் ஓடியது என்று கேளுங்கள்.

இரண்டு கார்களையும் நேரில் பார்த்தோம். முதலில் சென்னை. வெள்ளைக் கார் கண்ணாடி மாதிரி இருந்தது. உள்ளே புதுத் தோலின் வாசம்கூட மிச்சம் இருந்தது. மச்சினன் அப்போதே மனதுக்குள் அட்வான்ஸ் கொடுத்துவிட்டான். நான் குனிந்து டயரைப் பார்த்தேன். பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் 0918 என்று இருந்தது. 2018-ஆம் வருடம் 9-ஆவது வாரம் தயாரானது என்று அர்த்தம். பட்டன் ஆழம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ரப்பரில் தலைமுடி அளவுக்கு வெடிப்பு. 7 வருட டயர், தேயாவிட்டாலும் நெடுஞ்சாலைக்கு ஆகாது. சர்வீஸ் விவரத்தைக் காரின் திரையிலேயே எடுத்துப் பார்த்தோம். 7 வருடத்தில் 3 ஆயில் சர்வீஸ். கிலோமீட்டர் கணக்கில் பார்த்தால் 13,000 சொச்சத்துக்கு ஒன்று, சரி. ஆனால் நாள் கணக்கில் இரண்டு வருடத்துக்கும் மேல் ஒரே ஆயில். "ஓடவே இல்லையே சார், எதுக்கு மாத்தணும்?" என்றார் ஓனர். மனதில் பட்டதைச் சொன்ன நல்ல மனிதர்தான். ஆனால் இந்த இன்ஜினில் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் டைமிங் செயின் பின்பக்கம், கியர்பாக்ஸ் ஓரமாக இருக்கிறது. அதை மாற்ற வேண்டி வந்தால் பெரிய வேலை. செயினுக்கு உயிர் கொடுப்பது ஆயில். அந்த ஆயில் பழசானால் ஓடாமல் நின்ற வண்டிக்கும் சலுகை கிடையாது.

சென்னைக் கார் என்றால் இன்னொன்றையும் பார்த்தே ஆக வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளம், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் இரண்டிலும் எத்தனையோ கார்கள் தண்ணீரில் நின்றன. சொகுசுக் கார்களில் மின்னணுப் பெட்டிகள் சீட்டுக்கு அடியிலும் தரையோரத்திலும் பின் டிக்கியிலும் இருப்பதால், கணுக்கால் அளவுத் தண்ணீர் உள்ளே போனாலே போதும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். தண்ணீர் கண்ட பெல்ட்டில் ஒரு மட்டத்தில் கறைக்கோடு இருக்கும். சீட் நகரும் தண்டவாளத்தில் துரு, டிக்கி கார்ப்பெட்டுக்கு அடியில் வண்டல் இருக்கிறதா பாருங்கள். மிகக் குறைந்த கிலோமீட்டர், சந்தேகப்படும் அளவுக்குக் குறைந்த விலை, சென்னைப் பதிவு மூன்றும் சேர்ந்து வந்தால் இந்தச் சோதனையை விடவே கூடாது. அண்ணா நகர் காரில் அப்படி எதுவும் இல்லை. மாடிப் பார்க்கிங்கில் நின்றிருந்த வண்டி.

அடுத்த வாரம் ஈரோடு. நீலக் காரின் முன் பம்பரிலும் பானட்டிலும் கல் தெறித்த புள்ளிகள் நிறைய. டிரைவர் சீட்டின் ஓரத் தோல் மடிந்து சுருங்கியிருந்தது. ஸ்டியரிங்கில் பளபளப்பு. 1,12,000 ஓடியது என்று கார் ஒளிக்காமல் சொன்னது. வீட்டுக்குள் கூப்பிட்டு, காபி கொடுத்துவிட்டு, ஒரு பச்சை ஃபைலை எடுத்து மேசைமேல் வைத்தார் அந்த வியாபாரி. 10 சர்வீஸ் பில். பேட்டரி மாற்றியது 90,000-இல், புதுப் பேட்டரியைக் காரின் கம்ப்யூட்டரில் பதிந்ததற்கான வரியோடு. எனக்கு ரொம்பப் பிடித்தது அதற்கு அடியில் இருந்த ஃபாஸ்டேக் ஸ்டேட்மென்ட். 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமானதிலிருந்து அந்த வண்டி போன வழியெல்லாம் அதில் இருந்தது. வைகுந்தம், மேட்டுப்பட்டி, நத்தக்கரை, வீரசோழபுரம், விக்கிரவாண்டி, ஆத்தூர், பரனூர் டோல்கேட்கள். இரண்டு நாள் கழித்து அதே பெயர்கள் தலைகீழாக. மாதத்துக்கு ஒன்றிரண்டு தடவை, வருடக்கணக்காக. ஈரோட்டிலிருந்து சென்னை போய் வந்தால் 800 கிலோமீட்டர். எண்ணிப் பார்த்தேன், மீட்டரோடு ஒத்துப்போனது.

பழைய கார் வாங்குகிற எல்லோருக்கும் இதைச் சொல்கிறேன். ஃபாஸ்டேக் ஸ்டேட்மென்ட் கேளுங்கள். மீட்டரைத் திருப்புகிறவன் கார் மீட்டரைத்தான் திருப்புவான், டோல்கேட் கணக்கை அவனால் திருப்ப முடியாது.

மீட்டர் திருப்புவது கற்பனை இல்லை. சில வருடங்களுக்கு முன்பு என் நண்பர் ஒருவர் 48,000 காட்டிய ஒரு ஜெர்மன் செடானை ஒரு டீலரிடம் வாங்கினார். வாங்கிய இரண்டாம் மாதம் சேஸிஸ் நம்பரைக் கொடுத்து சர்வீஸ் சென்டரில் பழைய விவரம் கேட்டபோது, இரண்டு வருடம் முன்பே 83,000-இல் ஒரு சர்வீஸ் நடந்திருந்தது தெரிந்தது. குறைந்த கிலோமீட்டருக்காக அவர் கூடுதலாகக் கொடுத்த 4 லட்சம் அப்படியே போனது. அந்தச் சாயங்காலம் அவர் முகத்தைப் பார்த்த எனக்கு, பேப்பர் இல்லாத குறைந்த கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் கூடுதல் கொடுக்கவும் மனம் வராது. ஒரே எண் காரின் ஒரு இடத்தில் மட்டும் பதிவாவதில்லை. பி.எம்.டபிள்யூ. சாவிக்குள்ளேயே ஓட்டம் பதிவாகும், சர்வீஸ் சென்டரில் படித்துக் காட்டுவார்கள். வாங்கும் முன் 10, 15 ஆயிரம் செலவழித்து முழுச் சோதனை செய்யுங்கள். ஓனர் அதற்கு மறுத்தால் அங்கேயே எழுந்து வந்துவிடலாம்.

சேஸிஸ் நம்பரைக் கொடுக்கும்போதே, குறையைச் சரிசெய்யக் கம்பெனியே திரும்ப அழைத்த ரீகால் வேலை ஏதாவது நிலுவையில் உண்டா என்றும் கேட்டுவிடுங்கள். 2018-இல் தென் கொரியாவில் பி.எம்.டபிள்யூ. டீசல் கார்கள் அடுத்தடுத்துத் தீப்பிடித்தன. புகையைத் திருப்பி அனுப்பும் இ.ஜி.ஆர். அமைப்பின் கூலர் கசிந்ததுதான் காரணம் என்று கம்பெனி சொல்லி, உலகம் முழுக்க சுமார் 16 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது. ரீகால் வேலைக்குக் காசு வாங்க மாட்டார்கள்.

இனி செலவுக் கணக்கு. எங்கள் மெக்கானிக் இரண்டு காருக்கும் தனித்தனியாக எஸ்டிமேட் போட்டார். ஈரோட்டுக் காருக்கு காற்று போனாலும் கொஞ்ச தூரம் ஓடும் ரன்-ஃபிளாட் டயர் நான்கு 78,000, கியர்பாக்ஸ் ஆயிலும் அதன் அடித்தட்டும் 48,000, முன் சக்கரங்களைப் பிடித்திருக்கும் லோயர் ஆர்ம்களும் அவற்றின் ரப்பர் புஷ்களும் 72,000, பிரேக் டிஸ்க்கும் பேடும் 55,000, கூலன்ட் முதலிய சில்லறை வேலை 25,000. மொத்தம் 2,78,000. மச்சினன் முகம் சுருங்கியது. அப்புறம் சென்னைக் காரின் எஸ்டிமேட்டைக் காட்டினார். டயர் அதே 78,000. ஏழு வருடமாக மாற்றாத பேட்டரிக்கு 38,000. கியர்பாக்ஸ் ஆயில் அதே 48,000. பிரேக் ஆயில், கூலன்ட், மற்ற திரவங்கள் 18,000. மொத்தம் 1,82,000. கியர்பாக்ஸ் ஆயில் ஏன் என்று கேட்டான். ஆயுளுக்கும் போதும் என்று கார் கம்பெனிகள் சொன்னாலும், அந்த 8 கியர் பெட்டியைச் செய்யும் இசட்.எஃப். நிறுவனம் 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள், அல்லது 8 வருடத்துக்குள் மாற்றச் சொல்கிறது. ஒரு கார் கிலோமீட்டரால் அந்த எல்லைக்கு வந்திருக்கிறது, இன்னொன்று வயதால்.

ஆக, ரெடி செய்து ரோட்டில் விடும்போது சென்னைக் கார் 25.32 லட்சம், ஈரோட்டுக் கார் 20.53 லட்சம். வித்தியாசம் இன்னும் 4.79 லட்சம். அதிகம் ஓடியதால் வந்த கூடுதல் வேலை ஒரு லட்சத்துக்கும் கீழே! இதைப் பார்த்த பிறகுதான் மாமனாரே கொஞ்சம் இறங்கி வந்தார்.

விற்கும்போது என்ன ஆகும் என்பது அவருடைய கடைசிக் கேள்வி. மச்சினன் வருடத்துக்கு 15,000 ஓட்டுகிறவன். 41,000-இல் வாங்கினால் நாலே வருடத்தில் 1,01,000 ஆகிவிடும். லட்சத்தைத் தாண்டும்போது விழும் அந்தப் பெரிய விலைச்சரிவு அவன் கையில் இருக்கும்போது விழும். ஈரோட்டு வண்டியில் அந்தச் சரிவு ஏற்கெனவே முதல் ஓனர் கையில் விழுந்து முடிந்துவிட்டது. 5 வருடம் கழித்து இரண்டும் 12 வயதுக் கார்கள். ஒன்று 1,16,000, இன்னொன்று 1,87,000. அப்போது இரண்டுக்கும் இடையே 2 லட்சத்துக்கு மேல் வித்தியாசம் நிற்காது என்பது என் கணிப்பு. இன்று கொடுக்கும் 5.75 லட்சத்தில் மிச்சம் திரும்பி வராது.

எல்லோருக்கும் இதே பதில் இல்லை. இரண்டே வருடத்தில் மாற்றிவிடுகிற பழக்கம் உள்ளவர் 41,000-ஐ எடுக்கலாம், லட்சத்துக்குள்ளேயே விற்றுவிடுவார். கம்பெனியின் சான்றிதழ் பெற்ற பழைய கார் ஷோரூம்களில் தரும் வாரன்டிக்கு வயது, கிலோமீட்டர் இரண்டிலும் எல்லை உண்டு. அந்த எல்லைக்குள் வரும் காருக்குக் கூடுதல் விலை கொடுப்பது எனக்கு நியாயமாகவே படுகிறது, ஏனென்றால் வாங்குவது வாரன்டியை. எது எது அதில் அடங்கும் என்று எழுத்தில் கேளுங்கள். ஊருக்குள் மாதம் 400, 500 கிலோமீட்டர் மட்டும் ஓட்டுகிறவருக்கு நான் சொல்வது கொஞ்சம் வித்தியாசமாகத் தெரியலாம். அவர் டீசலையே விட்டுவிட்டு, அதிகம் ஓடிய, விலை குறைந்த பெட்ரோல் காரை எடுக்கலாம். அவர் கையில் கிலோமீட்டர் ஏறப் போவதே இல்லை. பிறகு எதற்குக் குறைந்த கிலோமீட்டருக்குப் பணம்?

காருக்குக் காரும் மாறும். டொயோட்டா கேம்ரி ஹைப்ரிட், அதன் உறவான லெக்சஸ் இ.எஸ். 300எச் இரண்டிலும் லட்சம் கிலோமீட்டர் என்பதற்கு நான் பயப்படவே மாட்டேன். ஹைப்ரிட் பேட்டரிக்கு மட்டும் வாரன்டியில் எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பேன். அதிகம் ஓடியதற்காக அவற்றின் விலை பெரிதாக இறங்காது, அதனால் பேரம் பேச இடமும் குறைவு. 2017 முதல் இங்கே விற்கும் நீளமான மெர்சிடிஸ் இ-கிளாஸ் டிரைவர் வைத்து ஓட்டும் வண்டி. அதில் முன் சீட்டைவிடப் பின் சீட்டும் பின் கதவுக் கைப்பிடியும் அதிகம் சொல்லும். காற்றுப்பை சஸ்பென்ஷன் உள்ள எஸ்-கிளாஸ் மாதிரிக் கார்களில் கிலோமீட்டர் குறைவாக இருப்பது ஆறுதலே இல்லை. அந்தப் பையின் ரப்பர் நின்ற இடத்திலேயே கிழடாகும். பழைய ஆடி ஏ4, ஏ6 என்றால் கியர்பாக்ஸ் ஆயிலை 60,000-இல் மாற்றியதற்கு பில் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

டெல்லிப் பதிவுக் கார்களை இந்த ஒப்பீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். 10 வருடம் கடந்த டீசல் கார்களுக்கு அங்கே வந்த தடையால் விலை இறங்கியது, கிலோமீட்டரால் அல்ல. என்.ஓ.சி. எனும் தடையில்லாச் சான்றிதழ் வாங்கி, இங்கே மறுபதிவு செய்து, வாழ்நாள் வரியும் கட்டிய பிறகு மிஞ்சும் லாபத்தைத்தான் பார்க்க வேண்டும்.

மச்சினன் ஈரோட்டுக் காரை எடுத்தான். டயர் எஸ்டிமேட்டைக் காட்டிப் பேசியதில் வியாபாரி 17.1 லட்சத்துக்கு இறங்கினார். வங்கிக் கடன் முடிந்த தடையில்லாச் சான்றிதழும் பெயர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களும் கடன் பதிவை நீக்கும் 35-ஆம் படிவமும் கையெழுத்தான பிறகுதான் மீதிப் பணம் கைமாறியது. மிச்சமான பணத்தில் 3 லட்சத்தைத் தனிக் கணக்கில் போடச் சொன்னேன். வேறு எதற்கும் தொடக் கூடாது என்று அக்கா, அதாவது என் மனைவி, அவனிடம் சத்தியமே வாங்கினாள். கியர்பாக்ஸ் ஆயிலைக் கழற்றியபோது நான் பக்கத்தில் இருந்தேன். கருத்திருந்தது, ஆனால் உலோகத்தூள் இல்லை. லோயர் ஆர்ம்களும் பிரேக்கும் முடிந்தன. டயர் இந்தப் பொங்கலுக்குள் போடுகிறோம்.